காதில் கை வைத்துப் பேசிய இங்கிலீஷ்

ஹலோ அக்காவின் குரலைத் தெரியாதவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். அதில் ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, மினுக் மினுக்கென்று விளக்கு எரிகிற டெலிபோன் போர்டு. அதன் முன்னால் உட்கார்ந்தே தன் உத்தியோக காலம் முழுவதையும் ஓட்டிவிட்டாள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் வருவது அவள் குரல். "ஹலோ, குட் மார்னிங், மே ஐ ஹெல்ப் யூ?" என்று அவள் கேட்டால், அழுதுகொண்டே போன் செய்தவர்கள்கூட அழுகையை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்வார்கள். அப்படி ஓர் இங்கிலீஷ். இஸ்திரி போட்டு மடித்த புடவை மாதிரி, ஒரு சுருக்கம் இருக்காது.

ஒருநாள் கேன்டீன் வரிசையில் நின்ற பெரிய டாக்டர் அவளைப் பார்த்து, "புதுசா சேர்ந்திருக்கீங்களாம்மா? எந்த வார்டு?" என்று கேட்டார்.

"டெலிபோன் சார்" என்றாள். குரலைக் கேட்டதும் மனிதர் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"நீங்களா! இத்தனை வருஷமா நல்ல உயரமா ஒருத்தரை நெனச்சு வச்சிருந்தேனே!"

அக்கா இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவளை முழுதாகச் சொன்னதாகாது.

ஓய்வு பெற்றதும் முதலில் நன்றாகத் தூங்கினாள். பிறகு வீட்டு அலமாரிகளை ஒழுங்கு செய்தாள். அலமாரிகள் தீர்ந்துபோனதும் கணவரை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தாள். அவர் தெருமுனையில் மருந்துக் கடை வைத்திருப்பவர். சாதுவான மனிதர். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கடைக்கு வந்து, மாத்திரை அட்டைகளையெல்லாம் நிறம் பார்த்து அடுக்கிவிட்டுப் போய்விட்டாள். பச்சையெல்லாம் ஒரு பக்கம், சிவப்பெல்லாம் ஒரு பக்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைவலி மாத்திரை எது, வயிற்றுவலி மாத்திரை எது என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. இவளுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்காவிட்டால் தன் பிழைப்பு போய்விடும் என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கொடுத்தவரும் அவரேதான். வெளிநாட்டு ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசிப் பழக்க உதவியாளர்கள் வேண்டும், சம்பளம் இல்லை, தங்க இடமும் சாப்பாடும் உண்டு, வயது தடையில்லை. விளையாட்டாகத்தான் நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்ததும் பேப்பரைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"நான் ஏதோ தமாஷுக்குக் காட்டினேன்."

"நான் தமாஷுக்குப் படிக்கலையே" என்றாள்.

மகன் வந்து தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தான். "அம்மா, உனக்குப் பாடம் எடுத்துப் பழக்கமே இல்ல. போன வேகத்துல திரும்பி வந்துடுவ பாரு."

"நீ ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கிட்டப்போ, காலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது யாருடா? அதுவும் பாடம்தான்."

தேர்வு வைத்தார்கள். எப்படி? போனில். போனில் தேர்வு வைத்தால் நம் அக்காவை யார் அசைக்க முடியும்? நாலு வார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கத்தில் இருந்தவர் மயங்கிவிட்டார். முதல் பருவம் பரீட்சார்த்தம், மேற்பார்வையாளர் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டுச் சரி என்றால் வருஷம் முழுக்க இருக்கலாம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். மிக்ஸியை எப்படிப் போடுவது என்று கணவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு அக்கா விமானம் ஏறிவிட்டாள்.

தங்குவதற்குக் கிடைத்தது சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் கீழேயிருந்து ரப்பர் வாசனை வரும். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. சுவரில் பாதி உயரத்துக்கு நீல வர்ணம், அதற்கு மேல் வெள்ளை; நீலம் முழுக்கப் பிள்ளைகளின் கை அச்சு. நாற்காலிகளெல்லாம் முழங்கால் உயரம். இரண்டாம் வகுப்பில்தான் அக்காவுக்கு வேலை. வகுப்பு டீச்சர் அக்காவுடைய மகன் வயதுக்காரி. அவளுக்கு இங்கிலீஷ் கேட்டால் புரியும். பேசச் சொன்னால் உடனே சாக்பீஸைத் தேடப் போய்விடுவாள். இருவரும் பேசிக்கொண்டது இங்கிலீஷில்தான் என்றாலும் நாம் நம் பாஷையிலேயே கேட்டுக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு அக்காவை முதல் நாளே பிடித்துவிட்டது. அவள் குரலை வாய் பிளந்து கேட்டார்கள். காலையில் அவள் தெருமுனை திரும்பும்போதே கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். ஒருத்தி கைப்பையை வாங்கிக்கொள்வாள், ஒருத்தி குடையை வாங்கிக்கொள்வாள், ஒன்றும் கிடைக்காதவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. ஓர் ஆளைப் பார்ப்பதற்காக இத்தனை பேர் காத்திருப்பார்களா, அந்த ஆள் தானா என்று தினமும் புதிதாக ஆச்சரியப்பட்டாள்.

பாடமும் மளமளவென்று ஏறியது. பிள்ளைகள் கிளிகள். ஒன்றுக்குப் போக வேண்டுமானால் எழுந்து நின்று, "எக்ஸ்கியூஸ் மீ, மே ஐ ஹெல்ப் யூ?" என்றார்கள். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் "ஒன் மொமென்ட் ப்ளீஸ்" என்றார்கள். மணி அடித்து வெளியே ஓடும்போது ஒரே குரலில் "தேங்க் யூ ஃபார் காலிங்!" அக்காவுக்கு அதில் கோளாறு எதுவும் தெரியவில்லை. மரியாதையான பிள்ளைகள் என்று பூரித்துப் போனாள். ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குக் கவலையாக இருந்தது. கணவரிடம் போனில் சொன்னாள்.

"இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு காது வலி ஜாஸ்தி போலிருக்குங்க. எப்பப் பாத்தாலும் காதைப் பொத்திக்கிட்டே இருக்குதுங்க."

"குளிர்க் காத்தா இருக்கும். பஞ்சு வச்சுக்கச் சொல்லு" என்றார் மருந்துக் கடைக்காரர்.

மேற்பார்வையாளர் வருகிற நாள் வந்தது. நெடுநெடுவென்று உயரமான மனிதர். முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முழங்கால் முகவாயைத் தொட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்து முடித்ததும் பாடம் ஆரம்பமாயிற்று.

"ஹலோ, குட் மார்னிங்" என்றாள் அக்கா.

மொத்த வகுப்பும் இடது கையைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரின் மேல் மூலையைப் பார்த்து, மணி மணியாக, "ஹலோ, குட் மார்னிங், மே ஐ ஹெல்ப் யூ?" என்றது. ஒரு பிள்ளைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேற்பார்வையாளர் அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். ஒட்டடைதான் இருந்தது.

"ஏன் எல்லாரும் காதுல கை வச்சிருக்காங்க?" என்று மெல்லக் கேட்டார்.

வகுப்பு டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்தவள்போல எழுந்து நின்றாள். "அது அக்காவோட முறை சார். காதைப் பொத்திக்கிட்டா நம்ம குரல் நமக்கே தெளிவா கேக்கும். மேல பாத்தா கவனம் சிதறாது. பக்கத்து வகுப்புக்கும் நான் சொல்லிக் கொடுத்துட்டேன்." சொல்லும்போது அவளும் காதில் கை வைத்திருந்தாள்.

"என் முறையா? நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்?" என்று அக்கா கேட்டாள்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளும் அப்போதுதான் தன்னைக் கவனித்தாள். அவள் இடது கை காதில் இருந்தது. கண் எதிர்ச்சுவரின் மூலையில் இருந்தது. ஆஸ்பத்திரி அறையில் போர்டு விளக்குகளை அண்ணாந்து பார்ப்பாளே, அதே மாதிரி. வாயில் இங்கிலீஷ் வந்தால் கை தானாகக் காதுக்குப் போகிறது. இங்கே வரும்வரை அவள் போன் இல்லாமல் இங்கிலீஷ் பேசியதே இல்லை. பிள்ளைகள் அவளிடமிருந்து கண்ணும் கருத்துமாகக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலீஷ் என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். அக்காவுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது.

மேற்பார்வையாளர் முன்வரிசைப் பிள்ளையிடம் போய்க் குனிந்து, அதன் கையை மெதுவாக இறக்கிவிட்டு, பெயரைக் கேட்டார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. திரும்பக் காதுக்குக் கை போனதும் பெயர், வயது, நன்றி எல்லாம் கடகடவென்று கொட்டியது.

அவர் நல்ல மனிதர். வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் வைத்து, வலிக்காமல் சொல்லப் பார்த்தார்.

"அம்மா, உங்க குரல் மாதிரி நான் கேட்டதே இல்ல. ஆனா வகுப்பு வேற. நீங்க இங்க இல்லாத யார்கிட்டயோ பேசறீங்க. எங்க தலைமை ஆபீஸ்ல டெலிபோன் எடுக்கச் சரியான ஆளே இல்ல. தனி ரூம், நல்ல நாற்காலி. அங்க வந்துடுங்க. அடுத்த வாரம் வரேன். விதிப்படி வகுப்பை இன்னொரு தடவை பாக்கணும், பாத்துட்டு உங்களைக் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்."

மறுபடியும் டெலிபோன்! அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பள்ளி விட்டதும் அறைக்குப் போய்க் கணவரைக் கூப்பிட்டாள்.

"நல்லதாப் போச்சே. தெரிஞ்ச வேலை. நல்ல நாற்காலின்னு வேற சொல்றாரு" என்றார் அவர்.

அவ்வளவுதான். அக்கா உடைந்துவிட்டாள். "உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க! இத்தனை வருஷமா எனக்கு போன் பண்ணவங்கள்ல ஒருத்தராவது என்கிட்ட பேசறதுக்குன்னு பண்ணியிருப்பாங்களா? எல்லாருக்கும் வேற யாராவது வேணும். நான் வழி விடற ஆளு. இங்க வந்துதாங்க என்னைப் பாக்கணும்னு பிள்ளைங்க ஓடி வருது. அதை விட்டுட்டு மறுபடியும் போன்கிட்ட போய் உக்காரச் சொல்றீங்களா?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டதும், அவர் "இருங்க, வரேன்" என்றதும் கேட்டது.

"சரி, அழாதே. ஒண்ணு கேக்கறேன். என்னைத் திட்டறப்போ கையை எங்க வச்சுப்ப?"

"இடுப்புல. ஏன்?"

"கண்ணு?"

"உங்க மூஞ்சியிலதான்."

"அப்ப ஆளைப் பாத்துப் பேச உனக்கு நல்லாவே தெரியும். அதுக்கு நான் சாட்சி. இங்கிலீஷ்ல பேச இதுவரைக்கும் எதிர்ல ஒரு ஆளு நிக்கல, அவ்வளவுதான் விஷயம்."

அழுகைக்கு நடுவில் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாது மனிதர்கள் எப்போதாவது வாயைத் திறந்தால் இப்படித்தான்.

மறுநாள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பில் நின்றாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'ஹலோ'வே வரவில்லை. பிள்ளைகளும் சமர்த்தாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். இதுவும் ஒரு முறையாக்கும் என்று வகுப்பு டீச்சரும் கட்டிக்கொண்டாள். அன்றைய பாடம் படு அமைதியாக முடிந்தது.

அடுத்த நாள் பள்ளிக்குப் புதுக் கதைப் புத்தகங்கள் வந்திருந்தன. அக்கா ஓர் அடுக்கை இரண்டு கையாலும் தூக்கி, முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெற்றுப்பல் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். மேல் புத்தகம் நழுவ ஆரம்பித்தது. காதுக்குப் போகக் கை எங்கே இருக்கிறது?

"ஓப்பன்! டோர் ஓப்பன்! க்விக்!" என்று அக்கா அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக் கத்தினாள். ஆஸ்பத்திரியில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் அவளே முகம் சுளித்திருப்பாள்.

சிறுமி கதவைத் திறந்தாள். அடுக்கு சரிந்தது. விழுந்த புத்தகங்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே அவள் உள்ளே பார்த்துக் கூவினாள்: "கம்! ஆல் கம்! டீச்சர் புக் ஃபாலிங்!"

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். யார் கையும் காதில் இல்லை. எல்லோர் கையிலும் புத்தகம். 'கிவ்', 'டேக்', 'நோ நோ, மை புக்' என்று ஒரே கூச்சல். அக்கா தரையில் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே மனசில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அன்றிலிருந்து பாடம் என்ற பேச்சே இல்லை. எல்லாம் வேலைதான். நாற்காலிகளைத் தூக்கி மாற்றிப் போட்டார்கள். சாமான் அறையை ஒழித்தார்கள். செடிகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். கைக்கு வேலை, வாய்க்கு இங்கிலீஷ். அக்காவுக்கு அந்த ஊர் பாஷை தெரியாததால் பிள்ளைகளுக்கு வேறு வழியும் இல்லை. அவள் தடுமாறினால் அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். வகுப்பு டீச்சர் சாக்பீஸைத் தேடுவதை மறந்துவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். இஸ்திரி மடிப்பெல்லாம் கலைந்து, இங்கிலீஷ் கசங்கிய துணியாகிவிட்டது. ஆனால் அதை எல்லோரும் உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

சொன்னபடி மேற்பார்வையாளர் வந்தார். உட்கார நாற்காலி இல்லை. நாற்காலிகள் மேல் பிள்ளைகள் நின்று ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவரை மேலிருந்து கீழ்வரை அளந்து பார்த்தாள்.

"சார், யூ டால். யூ டூ அப்!" என்று ஈரத் துணியை அவர் கையில் திணித்து, மேல் கண்ணாடியைக் காட்டினாள்.

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஒரு வரிசை துடைத்து முடிப்பதற்குள் அவரிடம் வயது, வீடு, அவர் ஏன் இவ்வளவு வளர்ந்தார் என்பது வரைக்கும் விசாரித்துவிட்டார்கள். அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

மணி அடித்தது. அவர் அழுக்குத் தண்ணீர் வாளியோடு நின்ற அக்காவிடம் வந்தார்.

"போன தடவை ஒரு தப்பு இல்லாம பேசினாங்க. இன்னைக்கு வாயைத் திறந்தாலே தப்பு."

"ஆமா சார்" என்றாள் அக்கா.

"ஆனா என்கிட்ட பேசினாங்க." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வகுப்பு எனக்குத் திருப்தி. இருந்தாலும் பாருங்கம்மா, ஆபீஸ்ல நீங்க வரீங்கன்னு சொல்லிட்டேன். அவங்க நாற்காலியைக்கூடத் துடைச்சு வச்சுட்டாங்க. இங்க இன்னொருத்தரைப் போட்டுக்கலாம். உங்க மாதிரி குரல் அங்க கிடைக்காது. வந்துடுங்களேன்."

வேலை பார்த்த காலத்தில் யாரிடமும் அவள் முடியாது என்று சொன்னதில்லை. எவ்வளவு கோபமாக யார் கத்தினாலும் 'ஒன் மொமென்ட் ப்ளீஸ்'தான். அந்த வார்த்தைதான் இப்போதும் நாக்கின் நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள்.

"நோ சார்" என்றாள், அவர் கண்ணைப் பார்த்து. "நான் வரல. நான் இந்த வகுப்பு ஆளு."

அவர் சிரித்துவிட்டார். "சரி, இருங்க. வருஷம் முழுக்க இருங்க. ஆபீஸுக்கு வேற ஆள் பாக்கச் சொல்றேன். ஆனா அதுவரைக்கும் அங்க போன் அடிச்சுக்கிட்டே இருக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

"அடிக்கட்டும் சார்" என்றாள் ஹலோ அக்கா.